யாங்கோனிலிருந்து வியாசர்பாடிக்கு எத்தனை மணி நேரம்

மாமாவின் மகள் சென்னையிலிருந்து அழைத்தபோது நான் யாங்கோனின் தாமுவே பகுதியில், வேலை பார்க்கும் மருந்துக்கடையில், மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அதுவரை நாங்கள் பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்பிக்கொண்டதோடு சரி. நேரில் பார்த்ததில்லை.

"அப்பா மூணு நாளா ஆஸ்பத்திரியில இருந்தாரு. மூளையில சின்னதா ரத்தக்கட்டு. இன்னிக்குத்தான் வீட்டுக்குக் கூட்டியாந்தோம்" என்றாள்.

"இப்ப எப்படி இருக்காரு, அண்ணி?"

"கை, கால் எல்லாம் நல்லா இருக்கு. பேச்சுதான். பேசறாரு, நிறையப் பேசறாரு, ஆனா எங்க யாருக்கும் புரியல. டாக்டர் ஒளறல்னு சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல. உங்க ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கு. கொஞ்சம் கேக்கிறீங்களா?"

போனை அவர் வாயருகே கொண்டுபோனாள். கனத்த, சற்றே எரிச்சலான குரல். ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். குழறல் எதுவும் இல்லை. ஆற்றோரத்து க்யிம்யிண்டைங்கில் வளர்ந்த ஒரு பையனின் பர்மிய மொழி. இன்று யாரும் பேசாத இரண்டொரு சொற்கள்கூட அதில் இருந்தன.

"ஜன்னலைத் திறக்கச் சொல்றாரு, அண்ணி" என்றேன்.

மறுமுனையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. குரல் நின்றது. பிறகு அவள் அழுவது கேட்டது. கடையில் ஆட்கள் நின்றிருந்ததால், மாலையில் அம்மாவைப் பேசச் சொல்கிறேன் என்று கூறி வைத்தேன்.

மாமா என் அம்மாவின் உடன்பிறந்த ஒரே அண்ணன். அவருக்குப் பதினான்கு வயதும் அம்மாவுக்கு ஆறு வயதும் இருந்தபோது, கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. துணிக்கடைச் சிப்பந்தியாக இருந்த அவர்களுடைய அப்பாவுக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறப் பெயர் கொடுத்திருந்தார்கள். புறப்படும் வாரத்தில் அம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மைப் பிள்ளையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஆகவே அப்பாவும் மகனும் முதலில் போவது, தாயும் மகளும் அடுத்த கப்பலில் வருவது என்று முடிவாயிற்று. அடுத்த கப்பலும் போனது, அதற்கடுத்ததும் போனது. இவர்கள் ஏறவில்லை. பிறகு கப்பல்களே நின்றுபோயின. என் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த கதை இவ்வளவுதான். அதை அம்மா சொல்லும்போதெல்லாம் கடைசி வாக்கியம் ஒன்றாகவே இருக்கும்: "எனக்கு மட்டும் அம்மை போடலேன்னா எல்லாரும் ஒண்ணாப் போயிருப்போம்."

இந்தியாவில் அவர்களுடைய அப்பா இறந்த பிறகு மாமா தேடிப்பிடித்துக் கடிதம் போட்டார். அப்புறம் தொலைபேசி வந்தது. இரண்டு மூன்று வருடங்களாகக் காணொளியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். எப்போதும் தமிழில்தான் பேசுவார்கள். அறுபது வருடத்தில் மாமா ஒரு பர்மியச் சொல்லைக்கூட உச்சரித்து வீட்டில் யாரும் கேட்டதேயில்லையாம்.

அன்று மாலையிலிருந்து அம்மாவுக்கு ஒரு வேலை வந்தது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாமாவின் மகள் அழைப்பாள். திரையில் மாமா ஏதோ சொல்வார். அம்மா அதைத் தமிழில் திருப்பிச் சொல்வாள். போர்வை வேண்டாமாம். இட்லி ஆறிப்போச்சாம். அக்கரைக்குப் போகும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்கிறாராம். படகைப் பற்றிக் கேட்டபோது மட்டும் மாமாவின் மகள், "அதுக்கு நான் என்ன அத்தை பதில் சொல்ல?" என்றாள். "இப்ப ஒண்ணு போயிடுச்சு, அடுத்தது வரும்னு சொல்லு" என்றாள் அம்மா. அதையும் அம்மாவே பர்மிய மொழியில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று வாரம் இப்படி ஓடியது. எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்து வரும். மின்சாரம் இல்லாதபோது போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும். அப்படி ஒருநாள் காலையிலிருந்து மறுநாள் காலைவரை இணைப்பே கிடைக்கவில்லை. கிடைத்ததும் வரிசையாக ஏழெட்டுக் குரல்பதிவுகள் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் மாமா, "ஸீ… ஸீ…" என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் மாமா மகளின் குரல்: "சாப்பாட்டைப் பாத்தாலே சீ, சீங்கறாரு அத்தை. மூணு தரம் மாத்திச் சமைச்சிட்டேன். தட்டைக் கண்டாலே கத்தறாரு."

அம்மா ஒரு பதிவைத்தான் முழுதாகக் கேட்டாள். "ஐயோ, அது அந்தச் சீ இல்லே. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொல்றாரு" என்றாள். பர்மிய மொழியில் சிறுநீருக்குப் பெயர் 'ஸீ'. நாங்கள் அழைத்துச் சொல்வதற்குள் காய்ச்சல் ஏறி அவரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிறுநீர்த் தொற்று. ஒருநாள் முன்பே தெரிந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். மாமாவின் மகள் அதைக் குற்றம்போலச் சொல்லவில்லை. ஆனால் அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், "நாம போவோம்" என்றாள்.

"எங்கம்மா?"

"அண்ணன்கிட்ட. நாலு நாள் ஆகும். பரவாயில்லே, லீவு சொல்லு."

நாலு நாள் என்பது கப்பல் கணக்கு. தன் அப்பாவும் அண்ணனும் போன கப்பல் நாலு நாளில் மதராஸ் சேர்ந்தது என்று யாரோ சொன்னதை அம்மா அப்படியே வைத்திருந்தாள். நான் போனை எடுத்து யாங்கோன், சென்னை என்று இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினேன். ஊர்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் பக்கம் ஒன்று வந்தது. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். கடலின் மேல் வளைந்த ஒரு நீலக் கோடு.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பொய்."

"ஏம்மா பொய்? பிளேன்ல போனா அவ்வளவுதான்."

"மாந்தலேக்கு பஸ்ஸுல போனாலே ஒரு முழு ராத்திரி. அது உள்நாடு. இது இந்தியா. ரெண்டு மணி நேரத்துல இந்தியா வந்துடுமா? அப்படின்னா நாம ஏன் இத்தனை வருஷம்…" என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றினாள்.

அந்தப் பக்கம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நீலக் கோட்டின் கீழே, சிறிய எழுத்தில், இந்த வழியில் இப்போது நேரடி விமானம் இல்லை என்று இருந்தது. யாங்கோனின் சீனர் பகுதியான லத்தாவில் ஒரு மாடியறையில் டிக்கெட் போட்டுத் தருபவரிடம் போனேன். அவர் சீனர், நல்ல மனிதர். தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "பாங்காக் போய்த்தான் போகணும். கிழக்கே போய்ட்டு மேற்கே வரணும். வேற வழி இருக்கு, ஆனா அது இன்னும் சுத்து" என்றார். பாங்காக்கில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். பதிமூன்று என்றார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வேறு எடுக்க வேண்டியிருந்தது. ஆவணங்களில் அவளுடைய அப்பாவின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததால் அதற்கே சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் தினம் மூன்று அழைப்புகள் தொடர்ந்தன.

ஒரு மதியம் ஒரு மணிக்குத் தாமுவே வீட்டைப் பூட்டினோம். என் கணவரும் மகனும் விமான நிலையம்வரை வந்தார்கள். அம்மா தன் கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டிருந்தாள். பாங்காக்கில் இறங்கியபோது அங்கே மணி அரைமணி முன்னால் இருந்தது. சென்னையில் நம் நேரத்துக்கு ஒருமணி பின்னால் இருக்கும் என்றேன். "அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க மாத்திக்கட்டும்" என்று கடிகாரத்தைத் தொடாமல் விட்டாள். நாற்காலியில் சாய்ந்தே தூங்கினோம். மறுநாள் காலை சென்னை விமானத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த சிறு திரையில் வரைபடம் ஓடியது. விமானம் மேற்கே நகர்ந்து பர்மாவின் வால் பகுதியைக் கடந்தபோது அம்மா என் கையைத் தட்டினாள்.

"திரும்பி வந்துட்டமா?"

"இல்லம்மா. மேலால கடந்து போறோம்."

"அப்ப நேத்திக்கே இங்கேருந்து போயிருக்கலாமே" என்றாள். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வியாசர்பாடியில் மாமா வீட்டு வாசலில் வாடகைக்கார் நின்றபோது அம்மாவின் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. இருபத்துமூன்றரை மணி நேரம்.

மாமா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார். முகச்சவரம் செய்துவிட்டிருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாலடி தள்ளியே நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சா பீ பீலா?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பர்மாவில் வழியில் பார்க்கும் எவரும் எவரையும் கேட்பது.

"சாப்பிட்டேன், அண்ணே" என்று அம்மா தமிழில் சொன்னாள். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. அம்மா அதையே பர்மிய மொழியில் சொன்னாள். அவர் தலையசைத்தார். வந்துசேர எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார்.

"ஒருநாள்."

"சீக்கிரம் வந்துவிட்டாய்" என்றார் மாமா. அதில் குத்தல் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்போல. அம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, கொஞ்சநேரம் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் மகள் என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

கூடத்துக்குத் திரும்பியபோதுதான் சுவரில் மாலை போட்ட இரண்டு படங்களைப் பார்த்தேன். ஒன்று அம்மாவின் அப்பா. பக்கத்தில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. "எங்க பாட்டி. அப்பாவுக்குச் சித்தி. சித்தின்னு சொன்னா அடிக்க வருவாரு, பெத்த அம்மா மாதிரி பாத்துக்கிட்டாங்க" என்றாள் மாமாவின் மகள். "ரங்கூன் பாட்டி சின்ன வயசிலயே காய்ச்சல்ல தவறிட்டாங்களாமே. அந்த சேதி வந்தப்புறம்தான் தாத்தா இவங்களைக் கட்டிக்கிட்டாராம்."

அவள் சொன்ன ரங்கூன் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்றவள், கப்பல் போனபிறகு முப்பது வருடத்துக்கு மேல் க்யிம்யிண்டைங்கில் காய்கறி விற்று, அந்தக் காசில் எங்கள் தாமுவே வீட்டை வாங்கி, என் பிறப்பைப் பார்த்துவிட்டுத்தான் இறந்தாள். தாத்தா மறுமணம் செய்துகொண்டது எங்களுக்கும் தெரியும். கப்பல்கள் நின்று, இனி சேரவே முடியாது என்றான பிறகு செய்துகொண்டார் என்றுதான் நினைத்திருந்தோம். நான் அம்மாவைப் பார்த்தேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பையைப் பிரித்தாள்.

இருபத்தாறு நாட்கள் தங்கினோம். அம்மா முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்தாள். பெரிய அட்டையில் தமிழ் எழுத்தில் பர்மியச் சொற்களை எழுதி மாமாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். தண்ணீர், பசி, வலி, குளிர், மூத்திரம், ஜன்னல், போதும், இன்னும் கொஞ்சம். மாமாவின் மகளையும் அவள் கணவரையும் தினமும் உட்காரவைத்துச் சொல்ல வைத்தாள்.

"தண்ணிக்கு என்ன?"

"யே."

"இழுக்காதே. நீ சொல்றது யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. சட்டுனு விழணும்."

மாமா கட்டிலிலிருந்து இந்தப் பாடத்தைக் கவனித்து, தப்பாகச் சொன்னால் கையை ஆட்டுவார். நோய்க்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்ததாக மாமாவின் மகள் சொன்னாள். ஒரு மாலை அவள் எங்களுக்காகக் கடற்கரைப் பக்கத்துக் கடையிலிருந்து அத்தோ வாங்கி வந்தாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தமிழிலும், இது என்ன என்று பர்மிய மொழியிலும் சொன்னாள். மாமா மறுபடி சிரித்தார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு பிற்பகல். மாமாவின் மகள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உதவினேன். அம்மா அண்ணனுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மாமா திடீரென்று, ஆனால் சாதாரணக் குரலில், பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற அளவுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் கடிதங்களை நான்தான் எழுதினேன். அப்பாவுக்கு எழுதத் தெரியாதே. அவர் சொன்னார், நான் எழுதினேன். வீடு இன்னும் சரியாகவில்லை, இப்போது வரவேண்டாம். மூன்று முறை அப்படி எழுதினேன். அம்மாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தபிறகும் எழுதினேன். வீடு சரியாகத்தான் இருந்தது. இவள் அப்போதே வீட்டில் இருந்தாள்." அவர் கை சுவரிலிருந்த படத்தைக் காட்டியது.

அம்மாவின் கை நின்றது. அவளும் பர்மிய மொழியில்தான் கேட்டாள்.

"எனக்கு அம்மை போட்டதால் இல்லையா?"

"அது அப்போதே ஆறிவிட்டதே. ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை என்று அம்மா யாரையோ எழுதச்சொல்லி அனுப்பியிருந்தாள். நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்."

எனக்குப் பூண்டுத்தோல் விரலில் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் மகள் நிமிர்ந்தாள். "என்ன அத்தை, ரொம்ப நேரமா என்னமோ சொல்றாரு? படத்தை வேற காட்றாரு?"

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"காபி கேக்குறாரும்மா. சித்தி போடற மாதிரி, சக்கரை கொஞ்சம் கூடவாம்."

மாமாவின் மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். மாமா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி முழுவதும் குடித்தார். அம்மா மறுபடி கால் பிடிக்கத் தொடங்கினாள். அந்தப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

திரும்பும்போதும் பாங்காக்கில் காத்திருந்தோம். இந்த முறை ஐந்து மணி நேரம். சோறும் முட்டை ஆம்லெட்டும் வாங்கி வந்து அம்மா எதிரில் வைத்தேன். அவள் பாதி சாப்பிட்ட பிறகு நான் கேட்டேன்.

"அண்ணிகிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அவ அந்தப் படத்தை என்ன செய்வா? தினம் பூ வைக்கிறாளே."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"யாரு மேல? அப்பா போய்ச் சேந்தாச்சு. அந்தம்மாவும் போயாச்சு. அண்ணன் பதினாலு வயசுப் பிள்ளை." கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தக் காயிதமெல்லாம் வந்தது எனக்கு நெனப்பிருக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுல்ல, பக்கத்து வீட்டுக்காரரு படிச்சுச் சொல்வாரு. படிச்சு முடிச்சதும் அம்மா என்னைத்தான் பாப்பாங்க. அம்மை போட்டவ மேல கோவம்னு நான் நெனச்சுக்கிட்டேன். இப்ப யோசிச்சா, பாவம்னு பாத்திருப்பாங்களோ என்னவோ" என்றாள். ஆம்லெட்டின் மீதியை என் தட்டில் வைத்தாள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

மழைக்காலத்துக்குள் மாமாவுக்குத் தமிழ் திரும்பத் தொடங்கியது. முதலில் எண்கள், பிறகு காய்கறிகளின் பெயர்கள். ஒருநாள் மகளைப் பெயர் சொல்லி அழைத்து மின்விசிறியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் இப்படியும் நடப்பதுண்டு என்றாராம். தமிழ் வரவர பர்மிய மொழி உள்ளே போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதெல்லாம் ரத்த அழுத்தம், மழை, மீன் விலை. அன்று சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. திரையில் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் மாமாவின் மகள் ஒரு சேதி அனுப்பினாள். அவளும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாளாம். குளிர்காலத்தில் யாங்கோன் வந்து, அப்பா பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டுச் சுவரில் அம்மாவைப் பெற்றவளின் படம் இருக்கிறது. நரைத்த தலை, சுருங்கிய கழுத்து, மடியில் என்னை வைத்திருக்கிறாள். சிறு வயதில் காய்ச்சலில் இறந்தவள் என்று அதைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள்.

"அண்ணி வர்ற வரைக்கும் அந்தப் படத்தை உள்ளே எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அம்மா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பூசிய தனகா மரப்பட்டைக் குழம்பு இன்னும் காயவில்லை.

"எதுக்கு? இது எங்கம்மா வீடு. வரட்டும். பாத்துட்டுக் கேட்டாள்னா சொல்றேன்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.